காலையில் பெயில், மத்தியானம் பாஸ்: வாகனப் புகையும் அது மூச்செடுக்கும் காற்றும்

வருடத்துக்கு ஒருமுறை வாகன லைசன்ஸ் புதுப்பிக்கும் கொழும்புக்காரர் எல்லோருக்கும் பழக்கமான சடங்கு, புகைப் பரிசோதனை. போன முறை என்னுடைய பழைய பெற்றோல் காரைக் காலை ஏழரைக்கே கொண்டுபோய் வரிசையில் விட்டேன். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்தான். நல்ல மழை. முன்னால் ஏழெட்டு வாகனங்கள். பெற்றோலை வீணாக்குவானேன் என்று எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். முறை வந்தது. பெயில்.

கராஜுக்குப் போன் எடுத்தேன். "தம்பி, ஒண்டையும் கழட்டாதேங்கோ. மொரட்டுவை மட்டும் ஒருக்கா ஓடிப்போட்டு, எஞ்சினை நிப்பாட்டாமல் நேரே உள்ளுக்கு விடுங்கோ" என்றார் மெக்கானிக் அண்ணை. மழை விட்டதும் அவர் சொன்னபடி செய்தேன். மத்தியானம் பாஸ்.

இடையில் ஒரு ஆணியைக்கூடத் திருகவில்லை. அப்படியானால் எந்த அளவீடு உண்மை, காலையில் எடுத்ததா மத்தியானம் எடுத்ததா? இரண்டும் உண்மைதான். இதைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். வாகனப் புகை என்பது எஞ்சின் கொள்ளளவு, சேஸி நம்பர் போல வண்டியோடு ஒட்டிய ஒரு நிலையான எண் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். "சேர்ட்டிபிகேட் இருக்கு, பிறகென்ன?" என்று ஓட்டோக்காரர் கேட்பதும், "நுவரெலியாவில வெள்ளைப் புகை வருது, எஞ்சின் போட்டுது" என்று மாமா பதறுவதும், "மார்கழியில காத்து கெட்டதுக்கு வாகனம் கூடினதுதான் காரணம்" என்று முகநூலில் எழுதுவதும் அந்த நினைப்பிலிருந்து கிளைத்தவையே. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கலாம்.

அடுப்படியிலிருந்து தொடங்குவோம்

2022இல் காஸ் கிடைக்காமல் கொழும்பு மாடி வீடுகளில் மண்ணெண்ணெய் அடுப்புகள் மறுபடி வெளியே வந்தன. திரியை அளவாக வைத்தால் நீலச் சுவாலை, சட்டி சுத்தம். திரியை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் மஞ்சள் சுவாலை, சட்டியடி கரி. எண்ணெயும் அடுப்பும் மாறவில்லை. எண்ணெய்க்கு ஈடாகக் காற்று போதவில்லை, அவ்வளவுதான். ஈர விறகை வைத்தால் கதை வேறு. காற்று தாராளமாக இருக்கும், ஆனால் சூடு போதாமல் விறகு பாதி எரிந்து பாதி புகையாகப் போகும்.

எஞ்சினும் ஓர் அடுப்புத்தான். எரிபொருள், காற்று, சூடு என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தால் சுத்தமாக எரியும். ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இதையே பருமனில் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும்: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல் காற்று. நாங்கள் ஷெட்டில் காசு கொடுத்து வாங்குவது பெற்றோலை. எஞ்சின் பெரும்பாலும் விழுங்குவதோ தெருவில் சும்மா கிடைக்கும் காற்றை. அந்தக் காற்று சூடானதா குளிரானதா, ஈரமானதா வறண்டதா, அடர்த்தியானதா மெலிந்ததா என்பதெல்லாம் எரிதலைத் தொடாமல் விடுமா?

எரிந்து முடிந்ததும் ஒரு லீற்றர் பெற்றோலிலிருந்து சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டும், ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரும் வெளிவருகின்றன. தண்ணீரா என்று கேட்காதீர்கள். தண்ணீரேதான், ஆவியாக. நுவரெலியாவில் மாமாவைப் பதறவைத்த வெள்ளைப் புகை அதுதான். சைலன்சரால் வரும் நீராவி விடியற்காலைக் குளிரில் உடனே நுண்துளிகளாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தால் எங்கள் மூச்சே அங்கே வெள்ளையாகத் தெரியும் அல்லவா? அதே கார் கொழும்பில் அதே அளவு ஆவியை விட்டுக்கொண்டுதான் இருந்தது. சூடான காற்றில் அது கரைந்துபோனதால் யாரும் காணவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் மட்டும் கவலைப்பட வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருளுக்குக் காற்று போதவில்லை.

இனி உண்மையான அழுக்குகள். இவை நான்கு. பாதி எரிந்த எரிபொருளிலிருந்து வருவது காபனோரொட்சைட்டு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். எரியாமலே தப்பி வரும் எரிபொருள் ஆவி ஐதரோகாபன். டீசல் வாகனத்தில் கரியாக வருவது நுண்துகள். நான்காவது நைதரசன் ஒட்சைட்டு. இது முன்னைய மூன்றுக்கும் சேராத பிள்ளை. எரிபொருளிலிருந்து வருவதல்ல, காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் எஞ்சினுக்குள் இருக்கும் கடும் சூட்டில் ஒன்று சேர்ந்து பிறப்பது. மற்ற மூன்றும் எரிதல் குறைந்தால் கூடும். இதுவோ சூடு ஏற ஏறக் கூடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், எஞ்சின் அதிகம் விழுங்குவது காற்றை, கண்ணுக்குத் தெரியும் புகையை மட்டும் வைத்து எல்லா அழுக்கையும் அளக்க முடியாது, நைதரசன் ஒட்சைட்டு மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் போகும். இந்தக் கடைசி விஷயத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

முதல் சில நிமிடங்கள்

காலையில் என் கார் ஏன் பெயிலானது? பெற்றோல் கார்களில் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையில் கன்வேர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. தேன்கூடு போன்ற நுண்ணிய அறைகள். சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக. அழுக்கு வாயுக்கள் அதற்குள்ளால் போகும்போது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எரிந்து முடிகின்றன, நைதரசன் ஒட்சைட்டு மறுபடி நைதரசனாகப் பிரிகிறது. உலோகம் தான் மாறாமல் மற்றவற்றை மாறவைக்கும். பாடசாலையில் ஊக்கி என்று படித்தது இதைத்தான்.

ஆனால் இது சூடான தோசைக்கல் போன்றது. கல் காயாமல் மாவை ஊற்றினால் என்ன நடக்கும் என்று தெரியும். கன்வேர்ட்டர் ஏறக்குறைய 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாகாமல் சரியாக வேலை செய்யாது. அதுவரை எஞ்சினிலிருந்து வருவதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போகும். போதாததற்கு, குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் முழுதாக ஆவியாகாது என்பதால் கணினி வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக எரிபொருளை விடுகிறது. எரிபொருள் கூட, சூடு குறைவு, துடைக்கும் பெட்டி இன்னும் விழிக்கவில்லை என்ற மூன்றும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. நல்ல நிலையிலுள்ள பெற்றோல் காரின் பயணத்தில் மிக அழுக்கான பகுதி அநேகமாக முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள்தான்.

ஒன்றரைக் கிலோமீற்றர் ஊர்ந்துபோய், எஞ்சினை நிறுத்திவிட்டு மழையில் நின்ற என் காரின் கன்வேர்ட்டர் எந்த நிலையில் இருந்திருக்கும்? மொரட்டுவை வரை ஓடி வந்த பிறகு எந்த நிலையில் இருந்திருக்கும்? மெக்கானிக் அண்ணை செய்தது மோசடி அல்ல. பரிசோதனையே சூடான எஞ்சினுக்காக அமைக்கப்பட்டதுதான். ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் கார், தினமும் ஓடுவது சூடாகாத நிலையில்தான். அந்த அழுக்கு எந்தச் சான்றிதழிலும் ஏறாது.

எங்கள் ஊரின் வெப்பம் இதில் ஓரளவு கைகொடுக்கிறது. கொழும்பில் விடியற்காலையிலும் 22, 23 பாகைக்குக் கீழே போவது அரிது. ஐரோப்பாவில் குளிர்நிலைப் பரிசோதனையை மைனஸ் 7 பாகையில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் தொடங்கும் பெற்றோல் எஞ்சின் 23 பாகையில் தொடங்குவதைவிடப் பல மடங்கு காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் கக்கும். பெற்றோல் ஆவியாக மறுப்பதுதான் அங்கே சிக்கல். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கன்வேர்ட்டர் காயும்வரை காத்திருக்கும் தொல்லை மட்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 25இலிருந்து 300க்கு ஏறுவதும் 0இலிருந்து 300க்கு ஏறுவதும் பெரிதாக வேறுபடாது.

வெயிலும் புழுக்கமும்

பங்குனி, சித்திரை மாதங்களில் கொழும்பின் மத்தியானம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வெயிலில் எஞ்சினுக்கு இரண்டு பக்கத்தால் இடி.

சூடான காற்று மெலிந்தது. வெப்பநிலை 10 பாகை ஏறினால் அடர்த்தி மூன்று வீதத்துக்குச் சற்று மேல் குறையும். அதே பருமனில் ஒட்சிசன் குறைவு. அதுமட்டுமல்ல, சூடான காற்றோடு சேர்ந்த பெற்றோலில் ஒரு பகுதி, தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன்பே தானாகப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். கராஜில் நொக்கிங் என்பார்கள், கிலுகிலு என்று ஒரு சத்தம். புதிய கார்களில் இதைக் கணினி உணர்ந்து தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். தாமதித்தால் இழுவை குறையும், ஓட்டுநர் அக்சிலரேட்டர் மிதியை இன்னும் அழுத்துவார், எரிபொருள் கூடும். பாரம் மிக அதிகமான நேரத்தில், எஞ்சினும் கன்வேர்ட்டரும் அளவுமீறிச் சூடாகாமல் இருக்கக் கூடுதல் பெற்றோல் விட்டுக் குளிரவைக்கும் கார்களும் உண்டு. அந்த நேரத்தில் காபனோரொட்சைட்டு சட்டென்று ஏறும்.

அடுத்தது ஏசி. கார் கொஞ்ச நேரம் நின்ற இடத்தில் கீழே தண்ணீர் சொட்டிக் குளம்போல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது கொழும்புக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். வறண்ட ஊரில் ஏசி காற்றைக் குளிர்வித்தால் போதும். இங்கே குளிர்விக்கவும் வேண்டும், ஆவியைத் தண்ணீராக்கவும் வேண்டும். அந்த இரண்டாவது வேலைக்கான சக்தியும் பெற்றோலிலிருந்தே வருகிறது. ஓடும்போது பெரிதாகத் தெரியாது. காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது எஞ்சின் எரிக்கும் பெற்றோலில் கணிசமான பங்கு உள்ளே இருப்பவரின் குளிர்ச்சிக்குப் போகிறது.

இனி எதிர்பாராத ஒன்று. இதே புழுக்கம் எங்களுக்கு ஒரு நன்மையும் செய்கிறது. 30 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதன் என்றால் ஒவ்வொரு கிலோ உலர் காற்றோடும் 21 கிராமுக்கு மேல் நீராவி சேர்ந்திருக்கும். எஞ்சினுக்குள் போகும் அந்த ஆவி எரிவதில்லை. சும்மா நின்று சூட்டை உறிஞ்சுகிறது, சுவாலையின் உச்ச வெப்பம் இறங்குகிறது. உச்ச வெப்பம் இறங்கினால் எது குறையும்? நைதரசன் ஒட்சைட்டு. இந்த விளைவு சின்னது அல்ல. ஐரோப்பிய ஆய்வுகூட விதிகளில் நைதரசன் ஒட்சைட்டை அளந்தபின், ஒரு கிலோ உலர் காற்றுக்கு 10.71 கிராம் நீராவி என்ற ஒரே நிலைக்கு ஈடுசெய்து கணக்கைத் திருத்துவார்கள். இல்லாவிட்டால் மழை நாளில் அளந்த காரையும் வெயில் நாளில் அளந்த காரையும் ஒப்பிடவே முடியாது. கொழும்பின் காற்றில் அதைப்போல இரு மடங்கு ஈரம். "வெயில் கூடினால் எல்லா அழுக்கும் கூடும்" என்று யாரும் சொன்னால் தலையாட்டாதீர்கள். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும்.

எஞ்சின் ஓடாமலே வெளியேறும் அழுக்கு ஒன்றும் இருக்கிறது. வெயிலில் நிறுத்திவைத்த வண்டியின் தாங்கியில் பெற்றோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கார்களில் இந்த ஆவியைப் பிடித்துவைக்கக் கரித்தூள் நிரப்பிய ஒரு சிறு பெட்டி உண்டு. பழைய மோட்டார் சைக்கிள்களில் அது இருக்காது. ஆவி மூடியின் துளையால் நேரே வெளியே போகும். அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத் தரிப்பிடங்களில் மூக்கில் ஏறும் பெற்றோல் மணத்தில் இதற்கும் பங்கு உண்டு.

ஆக, வெப்பம் எரிபொருள் செலவையும் ஆவியையும் கூட்டும், ஈரம் ஏசியின் பாரத்தைக் கூட்டி நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வண்டிக்கு வண்டி விடை வேறு.

மலை ஏறும்போது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கும் என்றாலும், ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றின் எடை கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாயிரம் லீற்றர் கணக்கெல்லாம் இங்கே மாறிவிடும்.

இதற்கு ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு விதமாக முகம்கொடுக்கிறது. காபரேட்டர் வைத்த பழைய ஓட்டோவை எடுங்கள். காபரேட்டர் என்பது, பாய்ந்து போகும் காற்றின் இழுப்பால் பெற்றோலை உறிஞ்சிக் கலக்கும் எளிய கருவி. அதற்குக் காற்றின் எடை தெரியாது, வேகம் மட்டுமே தெரியும். கொழும்பில் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுச் சரிசெய்த கலவை, நுவரெலியாவில் பத்து வீதத்துக்குக் கிட்டப் பெற்றோல் கூடிய கலவையாகிவிடும். திரியை உயர்த்திய மண்ணெண்ணெய் அடுப்புத்தான். காபனோரொட்சைட்டு கூடும், இழுவை குறையும். மலையை விட்டிறங்கினால் தானாகவே சரியாகிவிடும். சான்றிதழ் முழு நேரமும் பையில் பத்திரமாக இருக்கும்.

பழைய டீசல் பஸ்ஸில் நிலைமை இன்னும் கண்கூடு. அதன் பம்ப், மிதியை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு டீசலைத் தள்ளும். காற்று எவ்வளவு வந்தது என்று கேட்காது. கினிகத்தேனை தாண்டி ஹற்றன் பக்கம் ஏறும்போது பாரமும் கூட, காற்றும் மெலிவு. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் கறுப்பு முகில் ஒன்றுக்குள் மறைந்து வெளிப்படுவார். டேர்போ பூட்டிய எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்தக் குறையை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். காற்றை அளக்கும் சென்சர் உள்ள கார்கள் பெற்றோலையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும்.

இறங்கும்போது ஒரு சின்ன விஷயம். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்டர் வைத்த வண்டி கியரில் இறங்கும்போது, மிதியிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாதிருக்கப் பெற்றோல் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக்குக்கும் ஆபத்து, பெற்றோலும் மிச்சமில்லை.

ஆய்வுகூடத்தில் ஒரு குணம், தெருவில் ஒரு குணம்

2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது. பரிசோதனை நடக்கிறது என்பதை அறிந்து அப்போது மட்டும் சுத்தமாக ஓடும்படி டீசல் கார்களின் கணினியில் மென்பொருள் வைத்திருந்தார்கள்; உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் வாகனங்கள் அளவில். பரீட்சை மண்டபத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கும் மாணவன் மாதிரி.

இதைவிட எங்கள் பேச்சுக்கு நெருக்கமானது பிறகு நடந்தது. டீசல் எஞ்சினில் நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்க, எரிந்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளே விடும் ஏற்பாடு உண்டு. எங்கள் புழுக்கக் காற்றின் நீராவி செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. சும்மா நின்று சூட்டை உறிஞ்சும். விவகாரத்துக்குப் பிறகு அந்தக் கார்களுக்கு ஏற்றிய புதிய மென்பொருளில் இந்த ஏற்பாடு 15 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையில், 1000 மீற்றருக்குக் கீழே மட்டுமே முழுமையாக வேலை செய்தது. 2022 ஜூலை 14ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், இப்படிப்பட்ட மென்பொருளும் சட்டம் தடைசெய்த ஏமாற்றுக் கருவிதான் என்று தீர்ப்பளித்தது. அந்த எல்லைகளை எங்கள் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் கொழும்பு 33ஐத் தொட்டு நிற்கும். நுவரெலியா 1000 மீற்றருக்கு எவ்வளவோ மேலே.

ஐரோப்பா 2017 செப்டெம்பரிலிருந்து புதிய கார் வகைகளைத் தெருவில் ஓட்டியும் அளக்கத் தொடங்கியது. சைலன்சர் வாயில் அளவுகருவியைப் பூட்டி, நகரம், கிராமம், நெடுஞ்சாலை என்று ஓடுவார்கள். அங்கேயும் எல்லை உண்டு. தொடக்க விதிகளின்படி, 0 முதல் 30 பாகை வரையும் 700 மீற்றர் வரையும் சாதாரண நிலை. அதற்கு மேல் 35 பாகை வரையும் 1300 மீற்றர் வரையும் விரிந்த நிலை. விரிந்த நிலையில் எடுத்த அளவை 1.6ஆல் வகுத்துச் சலுகை கொடுப்பார்கள். கண்டி சாதாரண நிலைக்குள் அடங்கும். கொழும்பின் மத்தியானம் அநேகமாகச் சலுகைப் பகுதியில் விழும். நுவரெலியா கணக்கிலேயே இல்லை. ஐரோப்பியச் சான்றோடு வரும் ஒரு கார் நுவரெலியாவின் கிரகறி ஏரிக்கரையில் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்தச் சான்று வாய் திறக்காது.

எங்கள் பரிசோதனை இன்னும் எளியது. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கியது. பெற்றோல் வண்டியை நிறுத்திவைத்து, எஞ்சினை மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஓடவிட்டுக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். டீசல் வண்டியின் மிதியைச் சட்டென்று அழுத்திப் புகையின் கறுப்பை அளப்பார்கள். பாரமில்லை, ஏற்றமில்லை, நைதரசன் ஒட்சைட்டு பற்றிய பேச்சே இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கெட்டுப்போன வண்டியைக் கண்டுபிடிக்க இது போதும். காய்ச்சல் பார்க்கும் தேமோமீற்றர் போல. தேமோமீற்றரைக் காட்டி "எனக்கு நீரிழிவு இல்லை" என்று சொல்வதுதான் பிழை.

தெரு, மழை, எதிர்க்காற்று

இவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தெருவில் அழுக்கை அளக்கும் அலகு, கிலோமீற்றருக்கு எத்தனை கிராம் என்பது. நெரிசலில் ஏசியோடு நிற்கும் கார் மணிக்கு அரை லீற்றருக்கு மேல் எரிக்கும், கிலோமீற்றரோ ஏறாது. வகுக்கும் எண் சுருங்கினால் விடை பெருக்கும். பொரளைச் சந்தியில் மாலை ஐந்தரைக்கு நிற்பவர் இதைக் கணக்குப் போடாமலே உணர்வார். புதிய டீசல் வண்டிகளுக்கு நெரிசல் இன்னொரு விதத்திலும் ஆகாது. வெளியேறும் வாயு சூடாகாததால் அதைச் சுத்தம் செய்யும் கருவிகள் அரைத் தூக்கத்தில் கிடக்கும்.

மழையில் டயர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், கொஞ்சம் எரிபொருள் கூடும். மழையால் வரும் நெரிசல்தான் அதைவிடப் பெரிய செலவு. காற்றின் எதிர்ப்பு நகரத்துக்குள் பொருட்டில்லை. தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும்போது 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசினால், வண்டியைப் பின்னுக்குத் தள்ளும் காற்றின் விசை 44 வீதம் கூடும். வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் கணக்கு அது.

வெளியேற்றம் வேறு, செறிவு வேறு

இனி அந்த முகநூல் பதிவுக்கு வருவோம். சைலன்சரால் எவ்வளவு வருகிறது என்பது வெளியேற்றம். நாங்கள் மூச்செடுக்கும் காற்றில் அது எவ்வளவு கலந்து நிற்கிறது என்பது செறிவு. ஒரு கரண்டி உப்பைக் குடத்தில் போடுவதும் கிண்ணத்தில் போடுவதும் ஒன்றா? உப்பு ஒரே அளவு, கரிப்பு வேறு.

2022 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் அடித்த கோட்டாக் காலம். கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று எண்ணி எண்ணி அடித்த நாட்கள். தெருவில் வாகனம் குறைவு. அப்படியிருந்தும் டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகளை மூடும் அளவுக்குக் காற்று கெட்டிருந்தது. வங்காள விரிகுடாப் பக்கமிருந்து வந்த வடகீழ்க் காற்று இந்தியாவின் அழுக்கையும் சேர்த்துச் சுமந்து வந்தது. எங்கள் வெளியேற்றம் குறைந்திருந்த நேரத்தில் செறிவு உச்சத்தில் நின்றது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை கடலிலிருந்து சுத்தமான காற்று வந்து நகரத்தைக் கழுவிக்கொண்டு போகும். மழை நுண்துகளை நிலத்தில் இறக்கும். மார்கழி, தையில் காற்று தரைப்பக்கமிருந்து வருகிறது. இரவில் வானம் தெளிந்திருந்தால் தரை சீக்கிரம் குளிரும், தரையோடு ஒட்டிய காற்றும் குளிரும், அதற்கு மேல் சூடான காற்று பானைக்கு மூடிபோல நிற்கும். வெயில் ஏறி அந்த மூடி கரையும்வரை கீழே விடும் புகை மேலே போகாது. பள்ளிக்கூட, அலுவலக நெரிசல் தொடங்குவது சரியாக அந்த நேரத்தில்தான். கன்வேர்ட்டர் சூடாகாத கார்கள் வீடுகளிலிருந்து புறப்படுவதும் அப்போதே.

ஆடி மாதத்துப் பகல் ஒன்றில் காலி முகத்திடல் ஓரமாக எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் லொறியின் புகை சில விநாடிகளில் கடற்காற்றோடு கலைந்துவிடும். அதே லொறி தை மாதத்து ஏழரை மணிக்குப் புறக்கோட்டையின் குறுக்குத் தெரு ஒன்றில், இரண்டு பக்கமும் உயர்ந்த கடைச் சுவர்களுக்கு நடுவே, சாமான் இறக்கிக்கொண்டு நிற்கிறது. எஞ்சின் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. வெளிவிடும் கிராம் கணக்கும் ஏறக்குறைய அதேதான். பின்சில்லுக்குப் பக்கத்தில் நின்று பிளேன்டீ குடிக்கும், மூட்டை தூக்கும் நாட்டாமையின் நெஞ்சுக்குள் போவதுதான் பல மடங்கு.